190(2) சலான் வாங்கினவங்க இருக்கீங்களா? புகையும் இல்ல, ஹாரனும் இல்ல!

பத்துச்சக்கரம்:
ஓவர்லோடு சலான், பர்மிட் சலான் எல்லாம் நமக்குப் பழகினதுதான். இது வேற. போன வாரம் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ல சலான்னு போன்ல மெசேஜ். புகைக்குத்தான் போட்டிருப்பாங்கன்னு தேடினா, புகை சர்டிபிகேட் கரண்ட்ல இருக்கு. ஏர் ஹாரன் எப்பவோ கழட்டியாச்சு. டிரைவர் தம்பியைக் கூப்பிட்டா, "பின்னாடி பம்பருக்குங்கண்ணே"ங்கறான்.

பிரேக் இன்ஸ்பெக்டர் பேப்பர் எதையும் கேக்கலையாம். காலி வண்டி. நேரா பின்னாடி போயி குத்தவெச்சு உக்காந்து, பாக்கெட்ல இருந்து டேப்பை எடுத்து, தரையிலிருந்து பம்பர் குழாயோட அடி வரைக்கும் இழுத்திருக்காரு. வலது பக்கம் 540 மில்லிமீட்டர். இடது பக்கம் 690. டேப்பை அப்படியே பிடிச்சுக்கிட்டு "நீயே படிச்சுச் சொல்லு"ன்னாராம். இவன் வாய்விட்டுப் படிச்சிருக்கான். காலி வண்டில 550-க்கு மேல போகக்கூடாதாம்.

பழைய ஓனர் காலத்துல ஏதோ குடோன் ராம்ப்ல இடிச்சு மடங்கினது அது. என்னை உறுத்துறது என்னன்னா, இதே மடங்கின பம்பரோடதான் போன மாசம் எஃப்.சி (வண்டித் தகுதிச் சான்று) பாஸ் ஆச்சு. அங்க யாருமே குனியல.

இரவுவண்டி:
ஓனர் அண்ணே, பதிவு முழுக்கப் பம்பரும் எஃப்.சியும்தான் இருக்கு. 190(2)-ல முதல் தடவைக்கே 10,000 வரைக்கும் அபராதம், இல்லைன்னா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். அதோட லைசென்சும் மூணு மாசம் முடங்கும். யாரோட லைசென்ஸ்? அந்தத் தம்பியோடது. அதப்பத்தி ஒரு வரி இல்ல.

எனக்கு விழுந்தது ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கருக்கு. முன்னாடி வெள்ளை, சைடுல மஞ்சள், பின்னாடி சிவப்பு. பட்டறைல மஞ்சள் தீந்துபோச்சுன்னு சைடு முழுக்க சிவப்பை ஒட்டி அனுப்பிட்டாங்க. நடுராத்திரி ஒரு ஏட்டு என்னைக் கீழ இறக்கி, ரோட்டைத் தாண்டிக் கூட்டிட்டுப் போயி, அங்கிருந்து வண்டிமேல டார்ச் அடிச்சாரு. "எது பின்பக்கம், எது சைடு, சொல்லு பாப்போம்." என்னோட வண்டி, எனக்கே ஒரு நொடி புரியல. ஓனருக்கு அடிச்சேன், ஸ்விட்ச் ஆஃப்.

டேங்கர்காரன்:
பம்பராவது கண்ணுக்குத் தெரியும். எங்களுக்கு நம்பர். பெட்ரோல் டேங்கர்ல எமர்ஜென்சி போர்டு இருக்கும்ல, பெட்ரோலுக்கான நம்பர் 1203-ன்னு? மழையிலயும் வெயில்லயும் கடைசி 3 உரிஞ்சு போச்சு. செக்போஸ்ட்ல ஒரு அம்மா, இன்ஸ்பெக்டர், போர்டுக்கு நேரா நின்னு கைய இடுப்புல வெச்சுக்கிட்டு, "நூத்தியிருபது என்ன சரக்கு, மோரா?"ன்னாங்க. கிளீனர் பையன் சிரிச்சுட்டான். அதோட போச்சு, அடுத்து ட்ரெம் கார்டை (விபத்துன்னா என்ன செய்யணும்னு எழுதியிருக்கிற அட்டை) கேட்டாங்க, என்னோட லைசென்ஸ்ல அபாயச் சரக்குப் பயிற்சி ஏறியிருக்கான்னு பாத்தாங்க. மூணு நாள் கிளாஸ், அதுக்கும் கெடு தேதி உண்டு. நல்லவேளை, தேதி தாண்டல. வண்டி கவுந்தா தீயணைப்புக்காரங்க தூரத்துல நின்னு படிக்கிறது அந்த நம்பரைத்தான், தண்ணி அடிக்கலாமா, நுரை அடிக்கணுமான்னு. அந்தம்மா கத்தினது நியாயம்தான். ஆனா மோரான்னு கேட்டதுதான் இன்னும் காதுல இருக்கு.

கம்பிலோடு:
எல்லாம் வசூல் வேட்டை. கம்பி பாடியை விட்டு நீட்டிட்டு இருக்குன்னு எனக்கு 194(1A)-ல 20,000. அதுவும் பத்தாம சரக்கை இறக்கச் சொல்லி ரோட்டோரமே நிறுத்திட்டாங்க. ஒரு இரும்புக் குழாய் ஒரு சாண் மேல இருந்தா உலகம் அழிஞ்சிருமா?

கணக்குப்பிள்ளை:
நான் ரெண்டு லாரிக்கு ஆபீஸ் வேலை பாக்குறேன். எங்க வண்டிக்கும் இதே 190(2) ஒரு தடவை வந்துச்சு, சைடு கார்டுக்கு, அதான் ரெண்டு பக்கமும் சக்கரங்களுக்கு நடுவுல இருக்கிற தடுப்பு. கட்டிட்டோம். சரி, விசயத்துக்கு வர்றேன்.

பத்துச்சக்கரம் அண்ணே, 190(2)-ன்னா புகை, சத்தம்னே எல்லாரும் நெனச்சிட்டிருக்கோம். செக்ஷனைப் படிச்சா "சாலைப் பாதுகாப்பு" அதுக்கு முன்னாடியே இருக்கு. அதனால பம்பருக்குப் போட்டது தப்புன்னு கிளம்பாதீங்க. வாதம் பண்ண வேண்டிய இடம் வேற. 190(1)-ன்னு ஒண்ணு இருக்கு. பழுதோட, அதுவும் சாதாரணமா கவனிச்சாலே தெரியக்கூடிய பழுதோட வண்டி ஓட்டினா 1,500 ரூபாய். அதுல லைசென்ஸ் பேச்சே கிடையாது. பம்பரே இல்லாம ஓட்டினா அது விதிமீறல், சந்தேகமில்ல. கம்பெனி போட்டுக் குடுத்த பம்பர் இடிபட்டு மடங்கியிருந்தா அது பழுதா, விதிமீறலா? வக்கீலை வெச்சு இதைக் கேக்கச் சொல்லுங்க. மொபைல்ல பணத்தைக் கட்டிட்டா குத்தத்தை ஒத்துக்கிட்டதாயிடும், அப்புறம் கேக்க முடியாது. சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு (ஆன்லைன் கோர்ட்) போயிருந்தா அங்கயே "ஒத்துக்கல"ன்னு குடுக்கலாம், கேஸ் சாதாரண கோர்ட்டுக்கு மாறிடும்.

எஃப்.சியைக் காட்டித் தப்பிக்கலாம்னு மட்டும் இருக்காதீங்க. அன்னிக்கு வண்டி சரியா இருந்துச்சுன்னுதான் அதுக்கு அர்த்தம். நடுவுல சரியில்லைன்னு தெரிஞ்சா எஃப்.சியையே ரத்து பண்ண அதே சட்டத்துல 56-வது செக்ஷன்ல வழி இருக்கு. அதை நீங்களே போயி கிளறிவிட வேணாம். பம்பரை நிமித்தறதுக்கு முன்னாடி டேப் வெச்சு போட்டோ எடுங்க, நிமித்தினப்புறம் ஒண்ணு எடுங்க, பட்டறை பில்லுல வண்டி நம்பர், தேதி எழுதி வாங்குங்க. சலான்ல எந்த விதின்னு நம்பர் போட்டிருக்கா, வெறும் செக்ஷன் மட்டுமான்னு பாருங்க. சைடு கார்டையும் இப்பவே அளந்துடுங்க, அதுக்கும் தரையிலிருந்து 550-தான் கணக்கு.

இரவுவண்டி, ஓனருக்கு ஒண்ணுமில்லைன்னு இல்ல. "ஓட்டறவர்"னு மட்டும் சட்டத்துல இல்ல, ஓட்ட விட்டவரும் சேர்த்திதான்.

இரவுவண்டி:
சேர்த்திதான், சரி. செக்போஸ்ட்ல கைகட்டி நிக்கிறது யாரு சார்?

டேங்கர்காரன்:
கம்பிலோடு, ஒரு சாண் கதைக்கு வர்றேன். பைபாஸ்ல நின்னுட்டிருந்த ஒரு லாரிக்குப் பின்னாடி கார் ஒண்ணு சொருகினதை நான் பாத்திருக்கேன். பம்பரை வெட்டி எடுத்த வண்டி. கார் பானெட் முழுசா உள்ள போயிருச்சு, அதுல ஒரு கீறல் இல்ல, ஹெட்லைட் எரிஞ்சுட்டே இருந்துச்சு. லாரியோட பாடி நேரா கண்ணாடியிலதான் மோதியிருக்கு. மோதறது பானெட்டா இருந்தா அது நசுங்கி அடிய வாங்கும். குழாய் தாழ இருக்கச் சொல்றது அதுக்குத்தான்.

கம்பிலோடு:
அதை ஒத்துக்கறேன். அதுக்காக சரக்கை ரோட்டுல இறக்கச் சொல்றது எந்த ஊர் நியாயம்?

பத்துச்சக்கரம்:
தம்பி லைசென்ஸ் விசயம்: கோர்ட்ல நான்தான் நிக்கப் போறேன், வக்கீல் செலவும் என்னோடது. அவனுக்கும் சொல்லியாச்சு. 190(1) பாயின்ட்டுக்கு நன்றி, வக்கீலுக்கே அது புதுசா இருந்துச்சு, எழுதிக்கிட்டாரு. இன்னொண்ணு கேக்கணும். பட்டறைக்காரர் பழைய குழாயை நிமித்தி வெல்டு வெச்சே தர்றேங்கறாரு, செலவு கம்மி. டெஸ்ட் பண்ணி முத்திரை போட்டு வர்ற புது பம்பர்தான் போடணுமா? மாத்தினவங்க யாராவது சொல்லுங்க, வண்டி பட்டறையில நிக்குது.

கணக்குப்பிள்ளை:
புதுசையே போடுங்க. மடங்கின இரும்பை நிமித்தி வெல்டு வெச்சா இடிக்கிற அன்னிக்கு அதே இடத்துலதான் விடும். அளவு மட்டும் இல்ல, அடி தாங்கற பலத்துக்கும் சேர்த்துத்தான் அப்ரூவல். பில்லை மறந்துடாதீங்க.