எடை குறைக்க ஒரு நாளைக்கு எத்தனை கலோரி? ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள்

மெதுநடை:
பெண், வயது 34, உயரம் 160 செ.மீ., எடை 78 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, வாரத்தில் மூன்று நாள் ஜிம். எடை ஏறாமல் இறங்காமல் இருக்க 1740 கலோரி போதும் என்கிறது ஒரு கால்குலேட்டர், இன்னொன்று 2250 என்கிறது. மெலிய வேண்டுமென்றால் இதில் 500 கழிக்க வேண்டுமாம். அப்படிப் பார்த்தால் ஒன்றின்படி எடை குறையும் அளவும் மற்றதன்படி எடை அப்படியே நிற்கும் அளவும் ஒன்றுதான்! எதை நம்புவது? அப்புறம், ஜிம்மில் 400 கலோரி எரித்ததாக வாட்ச் காட்டினால் அந்த 400-ஐக் கூடுதலாகச் சாப்பிடலாமா?

கணக்குப்புலி:
இரண்டுமே ஒரே சூத்திரம்தான், 1990-இல் வந்த மிஃப்ளின் செயின்ட் ஜியோர். எடையை 10-ஆல், உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழித்து, பெண்ணென்றால் இன்னும் 161 கழிக்க வேண்டும் (ஆணென்றால் 5 கூட்ட வேண்டும்). உங்களுக்கு 780 + 1000 − 170 − 161 = 1449. சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்பு எரிப்பது இவ்வளவு. இதை 1.2-ஆல் பெருக்கினால் 1740, 1.55-ஆல் பெருக்கினால் 2250, அதாவது ஒன்றில் 'உடலுழைப்பு இல்லை', மற்றதில் 'மிதமான உடற்பயிற்சி' என்று தட்டியிருக்கிறீர்கள். மூன்று மணி நேர ஜிம்மை வைத்து மீதி வாரம் முழுவதையும் மறந்துவிடுகிறோம், அங்கேதான் எல்லோருக்கும் கணக்கு உதைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 'லேசான உடற்பயிற்சி'க்கான 1.375 போட்டுப் பாருங்கள், 1990 வரும். அதில் 400 கழித்து 1600-இல் ஆரம்பிக்கலாம்.

வாட்ச் சொல்வதைச் சாப்பிடாதீர்கள். 1.375-க்குள்ளேயே ஜிம் அடங்கிவிட்டது, மறுபடி கூட்டினால் இரட்டைக் கணக்கு.

தராசு:
சூத்திரம் சரி, ஆனால் அது சராசரி மனிதருக்கானது. உங்கள் உடம்பின் கணக்கை உங்கள் உடம்புதான் சொல்லும். தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரி எடுங்கள். முதல் வாரம் இறங்குவதில் பாதிக்கு மேல் தண்ணீராக இருக்கலாம், அதை விட்டுவிடுங்கள். மாதவிடாயை ஒட்டி நீர் கோத்து எடை ஏறும் என்பதால் முழுதாக நான்கு வாரம் பார்த்தால்தான் தெளிவு. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி. தினம் 1600 சாப்பிட்டு நான்கு வாரத்தில் ஒன்றரை கிலோ குறைந்தால், 11,550-ஐ 28-ஆல் வகுத்தால் 410 சொச்சம். ஆக உங்கள் உண்மையான தேவை 2010 பக்கம்.

இதெல்லாம் சாப்பிட்டதை ஒழுங்காக எழுதினால்தான். என்ன செய்தும் எடை குறையவில்லை என்றவர்களை வைத்து 1992-இல் ஓர் ஆய்வு வந்தது, அவர்கள் தாங்கள் உண்மையில் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை, கண்ணளவு அப்படி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி, அதை யார் அளந்து ஊற்றுகிறார்கள்?

மெதுநடை:
எண்ணெயை நான் எழுதுவதே இல்லை 😬 சரி, 1600-இல் ஆரம்பிக்கிறேன். கடைசி வரை இதே அளவுதானா?

கணக்குப்புலி:
இல்லை. 68 கிலோவுக்கு வந்தால் அதே சூத்திரத்தில் 1349, பெருக்கினால் 1850-தான். தேவை 140 போல இறங்கிவிடும். நான்கைந்து கிலோ குறையும்போதெல்லாம் கணக்கைத் திரும்பப் போடுங்கள். புரதத்தைக் குறைக்காதீர்கள், ஜிம்மையும் விடாதீர்கள், இல்லையென்றால் தசையும் சேர்ந்து கரையும்.

இரவுப்பணி:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பாலூட்டுபவராக இருந்தாலோ, சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்தாலோ, மருத்துவரிடம் கேட்காமல் இந்தக் கழித்தலைச் செய்யாதீர்கள், சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும்.