சிந்தசைசர் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. பழைய சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி) கீபோர்டு ஒன்று கைக்கு வந்திருக்கிறது, கையேடு இல்லாமல். நான்கு நாளாக அதோடுதான் இருக்கிறேன். ஓரளவு பிடிபட்டுவிட்டது, ஆனால் இரண்டு இடத்தில் முட்டி நிற்கிறேன்.

ஒலியை வடிகட்டும் ஃபில்டர் எந்த இடத்துக்கு மேல் வெட்ட வேண்டும் என்று சொல்லும் கட்ஆஃப் குமிழை இடப்பக்கம் திருப்பத் திருப்ப, போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல ஒலி மங்கிக்கொண்டே போகிறது. அந்த வெட்டும் இடத்து ஒலியைத் தூக்கிக் காட்டும் ரெசனன்ஸைக் கூட்டிவிட்டு அதையே திருப்பினால் விசில்போல ஒரு கூர்மை வருகிறது. கேட்கக் கேட்க அலுக்கவில்லை! அட்டாக் (ஒலி எழுவது), டிகே (பிறகு தணிவது), ரிலீஸ் (கட்டையை விட்டபின் அடங்குவது) மூன்றும் நேரத்தைக் குறிப்பவை, சஸ்டெயின் மட்டும் கட்டையை அழுத்தியிருக்கும்வரை நிற்கும் அளவைக் குறிப்பது என்று புரியவே ஒரு நாள் ஆனது.

இந்த நான்கும் இரண்டு வரிசையாக இருக்கின்றன. ஒன்று ஒலி அளவுக்கு, இன்னொன்று ஃபில்டருக்கு. ஃபில்டர் வரிசையை எப்படித் திருப்பினாலும் எந்த மாற்றமும் கேட்கவில்லை. இந்த வரிசை ஃபில்டரை எவ்வளவு அசைக்க வேண்டும் என்று சொல்லும், பக்கத்திலுள்ள என்வலப் அமவுண்ட் குமிழ் நடுவில், பூஜ்யத்தில் நிற்கிறது. அதுதான் காரணமா? அதை இடப்பக்கம் திருப்பினால் என்ன ஆகும்?

அப்புறம் பின்பக்கம். இசைக்கருவிகளையும் கணினியையும் இணைக்கும் மிடி (MIDI) இன், அவுட், த்ரூ; ஐந்து துளை உள்ள வட்டமான இணைப்புகள். அதில் ஒலி போகாது, எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்ற செய்திதான் போகும் என்பது தெரியும். இன், அவுட் இரண்டையும் கணினியோடு இணைத்ததும் ஒரு கட்டையைத் தொட்டால் ஸ்வரம் இரண்டு தடவை ஒலிக்கிறது. கட்டைகளைக் கீபோர்டின் சொந்த ஒலியோடு நேரடியாக இணைக்கும் லோக்கல் கன்ட்ரோலை அணைக்க வேண்டுமா? அணைத்தால், கணினி இல்லாமல் வாசிக்கும்போது சத்தமே வராதே? அனுபவப்பட்டவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.