கெல்ப் காட்டில் கடலடிக் கணக்கெடுப்பு: எதை வைத்து அடையாளம் சொல்வது?

நெய்தல் கேட்டது:
கலிபோர்னியாவில் தன்னார்வ டைவர்கள் நடத்தும் கெல்ப் (மரம்போல் உயரமாக வளரும் பெரிய கடற்பாசி) காட்டுக் கணக்கெடுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் படத்தைக் காட்டினால் பெயர் சொல்லிவிடுகிறேன். கீழே போனால் பாறை முழுக்க ஆரஞ்சும் பழுப்புமாக எதெதுவோ அப்பிக்கிடக்கிறது. எது கடற்பஞ்சு, எது டியூனிகேட் (பாறையில் ஒட்டி வாழும், பை போன்ற உடல் கொண்ட உயிரினம்) என்று பிடிபடவில்லை. கடல் முள்ளெலிகளில் சிவப்பும் ஊதாவும்கூடக் குழப்புகின்றன. பெயர் தெரியாததை ஸ்லேட்டில் (நீருக்கடியில் எழுதும் பலகையில்) எப்படி எழுதுவது?

கருங்கடலோடி:
முதலில் நிறத்தை நம்புவதை விடுங்கள். கடல்நீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் விழுங்கும். பத்து மீட்டர் ஆழத்தில் சிவப்பு முள்ளெலி கறுப்பாகத்தான் தெரியும். பட்டப்பகலாக இருந்தாலும் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும்தான் பாறை தன் உண்மையான நிறத்தைக் காட்டும்.

முள்ளெலிக்கு முள்ளைப் பாருங்கள். சிவப்புக்கு முள் நீளம், ஓடு 18 செ.மீ. வரை வளரும். ஊதாவின் முள் குட்டை, ஓடும் 10 செ.மீ.க்குள் நின்றுவிடும். குட்டிகள்தான் சிக்கல்: சின்ன ஊதா முள்ளெலி பச்சையடித்துத் தெரியும். சிவப்பின் குஞ்சுகள் பெரியவற்றின் முட்களுக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருக்கும். மேலாகப் பார்த்துவிட்டுப் போனால் அந்தக் குஞ்சுகள் கணக்கிலேயே வராது, அடுத்த தலைமுறை உண்டா என்பதைச் சொல்வதே அவைதான். தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள்.

கடற்பஞ்சா டியூனிகேட்டா என்றால், தொடாமல் மேலே கையை லேசாக விசிறுங்கள். டியூனிகேட்டுக்கு நீர் உள்ளே போக ஒரு வாய், வெளியே வர ஒரு வாய். அசைவு பட்டதும் சட்டென்று சுருக்கிக்கொள்ளும். கடற்பஞ்சின் துளைகள் கண் முன்னால் அப்படி மூடாது. கூட்டமாக ஒட்டி வாழும் டியூனிகேட் வகைகளில் வாய்கள் ஊசிமுனையளவுதான். அங்கே மேற்பரப்பைக் கவனியுங்கள்: பெரும்பாலும் வழவழப்பாக, ஈரப் பளபளப்போடு இருந்தால் டியூனிகேட், சொரசொரப்பாக மங்கலாக இருந்தால் கடற்பஞ்சு.

எனக்கு மிகப் பிடித்த ஜோடி, பூப்போலத் தெரியும் கோரினாக்டிஸ், பாலனோஃபில்லியா என்ற இரண்டு சின்னக் கடலுயிர்கள். இரண்டும் விரல்நுனி அளவு, ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கோரினாக்டிஸின் ஒவ்வொரு உணர்கொம்பின் நுனியிலும் வெள்ளையாக ஒரு சின்ன உருண்டை, தீக்குச்சித் தலை மாதிரி. உடல் முழுக்க மெத்து. பாலனோஃபில்லியா ஆரஞ்சு நிறப் பவளம். கொம்புகள் கண்ணாடி போல இருக்கும், அது சுருங்கினால் உள்ளே கல்போன்ற கிண்ணத்தின் விளிம்பு தெரியும். ஒருமுறை அந்த வெள்ளை உருண்டையைப் பார்த்துவிட்டால் பிறகு குழம்பவே மாட்டீர்கள்.

பெயர் தெரியாவிட்டால், எதுவரை நிச்சயமோ அதுவரை எழுதுங்கள். 'டியூனிகேட், வகை தெரியவில்லை' என்பது முழுமையான பதிவுதான். ஊகத்தில் எழுதிய இனப்பெயர் ஒன்று தரவுக்குள் போய்விட்டால் பிறகு யாராலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

இன்னொன்று, பட்டியலில் உள்ளது கண்ணில் படாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடாமல் பூஜ்யம் போடுங்கள். 2013 முதல் நட்சத்திர மீன்களை நோய் தாக்கியபோது, ஒரு மீட்டர் அகலம் வரை வளரும் சூரியகாந்தி நட்சத்திர மீன் கலிபோர்னியாவில் கிட்டத்தட்டக் காணாமலே போனது. முள்ளெலியைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்தது அது. அடுத்து 2014 முதல் 2016 வரை கடல் வெப்ப அலை. வட கலிபோர்னியாவில் புல் கெல்ப் (bull kelp) என்ற கெல்ப் வகையின் காடுகள் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன, அந்த இடங்களை ஊதா முள்ளெலி பிடித்துக்கொண்டது. முன்பு எத்தனை இருந்தன என்று யாரோ பொறுமையாக எண்ணி வைத்ததால்தான் எவ்வளவு போயிற்று என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. 2025இல் விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியாதான் நோய்க்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்த மீன் திரும்பி வருகிறதா என்பதையும் உங்கள் பூஜ்யங்கள்தான் காட்டப்போகின்றன.

பாசிமலை:
எண்ணிக்கை பற்றி ஒன்று சேர்க்கிறேன். 30 மீட்டர் டேப்பை விரித்து அதன் வழியே 2 மீட்டர் அகலத்துக்கு எண்ணும் முறையில், ஒரே இனம் 50 வந்ததும் எண்ணுவதை நிறுத்தி, எத்தனையாவது மீட்டரில் நிறுத்தினீர்கள் என்று எழுத வேண்டும். 7 மீட்டரிலேயே 50 ஊதா முள்ளெலி என்றால் முழு டேப்புக்குச் சுமார் 214. அந்த மீட்டர் எண்ணை எழுதாமல் விட்டால் 50 என்பதற்கு அர்த்தமே இல்லை. ஜயன்ட் கெல்ப்புக்குத் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் தண்டுகளை எண்ணுங்கள். கீழே எல்லாம் பின்னிக்கிடக்கும்.

நெய்தல்:
இருவருக்கும் மிக்க நன்றி. கை விசிறும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. அபலோன் என்ற பெரிய கடல் நத்தையின் ஓட்டின் மேலெல்லாம் பாசியும் புழுக்கூடுகளும் மூடியிருக்கின்றனவே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கருங்கடலோடி:
ஓட்டை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். ஓட்டுக்கும் பாறைக்கும் நடுவே சதை மடிப்பும் சின்னச் சின்ன உணர்கொம்புகளும் எட்டிப் பார்க்கும். சிவப்பு அபலோனுக்கு அவை கறுப்பு. ஓட்டின் திறந்த துளைகள் தெரிந்தால் அவற்றையும் எண்ணுங்கள், சிவப்புக்குப் பெரும்பாலும் 3 அல்லது 4. நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று பெயர்த்து மட்டும் பார்க்காதீர்கள். அபலோனின் ரத்தம் உறையாது, சதையில் வெட்டுப்பட்டால் பிழைப்பது கடினம்.