ஃப்ரிக்கி டோசிமீட்டர் ரீடிங் ஜாஸ்தியா காட்டுது, யாராச்சும் சொல்லுங்க

தண்டையார்பேட்டை_தம்பி:
எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு ஃப்ரிக்கி கரைசல் போட்டுட்டு இருக்கேன் (கதிர் பட்டா ஃபெரஸ் இரும்பு ஃபெரிக் ஆகும், எவ்ளோ ஆச்சுன்னு பாத்து கதிர் டோஸை அளக்கறது). ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட் 1 மில்லிமோலார், சல்ஃப்யூரிக் ஆசிட் 0.4 மோலார். கோபால்ட்-60 காமா சேம்பர்ல 100 கிரே (டோஸோட யூனிட்) வர்ற நேரம் வரைக்கும் வெச்சு எடுத்து 304 நானோமீட்டர்ல அப்சார்பன்ஸ் (எவ்ளோ ஒளியை உறிஞ்சுதுன்னு) பாத்தா கணக்குல 118 கிரே நிக்குது, திரும்ப போட்டா 115, அப்புறம் 121னு குதிக்குது. ஜி வேல்யூ (100 எலக்ட்ரான்வோல்ட் கதிர் எனர்ஜிக்கு எத்தனை ஃபெரிக் வரும்ங்கறது) 15.5 தான் போட்டேன், ப்ளாங்க்கும் (கதிர் படாத கரைசலோட ரீடிங்) கழிச்சாச்சு. அடுத்த வாரம் கைடுகிட்ட காட்டணும், ப்ளீஸ்.

பெரம்பூர்_லோகோ:
சேம்பரோட டோஸ் ரேட் சர்ட்டிஃபிகேட் தேதி பாத்தியாபா? கோபால்ட் மாசத்துக்கு 1 சதவீதத்துக்கு மேலயே குறையும்.

மணலி_அக்கா:
அது பழசா இருந்தா ரீடிங் கம்மியால்ல வரணும், இவருக்கு ஜாஸ்தி. ஆக்சிஜன் தீந்துபோனாலும் கம்மிதான், ஆக்சிஜனே இல்லன்னா ஜி 8.2க்கு வந்துடும், ஆனா 400 கிரே வரைக்கும் அந்த கவலை இல்ல. தம்பி, தண்ணி எங்க வாங்குனீங்க? சோடியம் குளோரைடு சேத்தீங்களா? ரூம்ல ஏசி ஓடுதா?

தண்டையார்பேட்டை_தம்பி:
தண்ணி பேட்டரி கடையில ப்ளாஸ்டிக் கேன்ல வாங்குனது க்கா, மூடியத் தொறந்தா லேசா ப்ளாஸ்டிக் வாசனை வருது. சீனியர் குடுத்த ரெசிப்பில உப்பு இல்ல. ஏசி ரிப்பேர், ரூம் 34 டிகிரி.

மணலி_அக்கா:
ரெண்டுமே மாட்டிக்கிச்சு. முதல்ல சூடு. ஃபெரிக் அயனோட அப்சார்பன்ஸ் டிகிரிக்கு 0.7 சதவீதம் ஏறும், நீங்க 25 டிகிரி வேல்யூ போட்டு 34ல ரீடிங் எடுத்தா அதுலயே 6 சதவீதம் ஜாஸ்தியா வந்துடும்.

மிச்சம் அந்த வாசனை. கதிர் பட்டதும் உடையறது பெரும்பாலும் தண்ணிதான், இரும்பு ரொம்ப கொஞ்சம்ல. ஹைட்ராக்சில் ரேடிக்கல், ஹைட்ரஜன் அணு, ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் வரும். சுத்தமான கரைசல்ல ஒரு ஹைட்ராக்சில் ஒரே ஒரு ஃபெரஸைத்தான் ஃபெரிக் ஆக்கும். ஆனா தண்ணியில ஆர்கானிக் அழுக்கு துளியூண்டு இருந்தாகூட ஹைட்ராக்சில் போய் அதுல முட்டும், அது ஆர்கானிக் ரேடிக்கல் ஆகி காத்துல இருக்கிற ஆக்சிஜனைப் புடிச்சு பெராக்சி ஆகி ஒன்னுக்கு மூணு ஃபெரஸை மாத்திடும், அதனாலதான் டோஸ் ஏறுன மாதிரி தெரியுது, கேனுக்கு கேன் அழுக்கு மாறுறதால நம்பரும் குதிக்குது. உப்பு எதுக்குன்னா, குளோரைடு ஹைட்ராக்சிலைப் புடிச்சு குளோரின் அணுவா மாறி அழுக்கை விட்டுட்டு ஃபெரஸ்கிட்ட போகும். 1 மில்லிமோலார் போதும்.

தண்ணியை ஆல்கலைன் பர்மாங்கனேட் போட்டு திரும்ப டிஸ்டில் பண்ணுங்க, கண்ணாடியில மட்டும் வைங்க, ப்ளாஸ்டிக் ட்யூப் கிட்டயே வரக்கூடாது. அப்புறம் உப்போட ஒரு செட், உப்பு இல்லாம ஒரு செட் போடுங்க. ரெண்டும் ஒன்னா வந்தா தண்ணி சுத்தம்.

பெரம்பூர்_லோகோ:
சூப்பர் க்கா, எங்க லேப்லயும் கேன் தண்ணிதான் ஓடுது, இன்னைக்கே சொல்றேன்.

தண்டையார்பேட்டை_தம்பி:
அக்கா பண்ணிட்டேன்! பழைய கேன் தண்ணியில உப்பு போட்டதும் போடாததும் நல்லா வித்தியாசம் காட்டுச்சு. புதுசா டிஸ்டில் பண்ணதுல உப்போட 101, உப்பு இல்லாம 102, டெம்பரேச்சர் கரெக்‌ஷன் போட்டு. ரொம்ப நன்றி க்கா. மிச்ச கரைசலை வெச்சு அடுத்த வாரம் யூஸ் பண்ணலாமா?

மணலி_அக்கா:
சூப்பர்பா! கண்ணாடி பாட்டில்ல இருட்டா வைங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் புதுசா ப்ளாங்க் எடுங்க, ஃபெரஸ் காத்துலயே மெல்ல ஃபெரிக் ஆகும், இந்த வெயிலுக்கு இன்னும் வேகமா. ப்ளாங்க் ரொம்ப ஏறிட்டா கொட்டிட்டு புதுசா கலக்கிடுங்க.