அம்மப்பாவின் பார்க்கர் 51-க்கு எந்தக் கறுப்பு மை ஊற்றலாம்?

அலையோசை:
வணக்கம். நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். என் அம்மப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். அவர் பாவித்த பார்க்கர் 51 மைப்பேனை போன மாதம் அலுமாரி லாச்சிக்குள் கிடைத்தது. மூடியைக் கழற்றினால் நிப்பின் நுனி மட்டும்தான் தெரியும், மிச்சமெல்லாம் உறைக்குள். பின்பக்கத்தைத் திருகித் திறந்து, உள்ளேயிருக்கும் உலோகக் கூட்டை அமத்தி அமத்தி மை உறிஞ்ச வேண்டும். மூன்று நாள் கழுவினேன். மூன்று நாளும் நீலத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நாலாம் நாள்தான் தெளிந்தது.

எனக்கு இதனால் ஒரு வேலை ஆக வேண்டும். அம்மம்மாவுக்கு 86 வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கதை சொல்லுவார்: கிணற்றடி, சீதனக் காணி, யார் யாருக்கு என்ன முறை, ஒடியல் கூழுக்கு எதை முதலில் போடுவது. அதை இந்தப் பேனையாலேயே தடித்த அட்டை சி.ஆர். கொப்பியில் கறுப்பு மையால் எழுதி மகளுக்குக் கொடுக்க ஆசை. வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில், கடல் காற்று நேரே உள்ளே வரும். மே மாதத்தில் மழை பிடித்தால் புத்தக ஓரமெல்லாம் நெளிந்துவிடும். எழுத்து அழியக் கூடாது. பேனையும் கெடக் கூடாது. எந்த மை வாங்கலாம்?

மைக்கூடு:
பார்க்கர் குயிங்க் கறுப்பு. வேறு யோசனை வேண்டாம்.

பழைய பேனை திருத்துவது என் பொழுதுபோக்கு, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 51-இன் உறைக்குள்ளே மை தங்குவதற்கு மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். மயிரிழை இடைவெளி. தண்ணீரில் கரையும் சாய மை அதற்குள் காய்ந்து போனாலும் பரவாயில்லை, ஊறவைத்தால் வந்துவிடும். உங்களுக்கு மூன்று நாள் நீலம் வந்ததே, அது அம்மப்பா கடைசியாக ஊற்றிய மைதான். இத்தனை வருடம் உள்ளே கிடந்தும் தண்ணீருக்குக் கரைந்து வந்திருக்கிறது. அவர் அதில் கரித்துகள் கலந்த கார்பன் மை ஊற்றியிருந்தால் இன்று உங்கள் கையில் இருப்பது அழகான ஒரு தடி.

அலையோசை:
குயிங்க் மழைத் தண்ணீருக்குத் தாங்குமா?

மைக்கூடு:
தாங்காது. அது கழுவினால் போகும் மை. 1931-இல் வந்தபோதே வேகமாகக் காய்வதும் பேனையைச் சுத்தமாக வைத்திருப்பதும்தான் அதன் பெருமை. கொப்பியை நனையாமல் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

புதுக்கடை:
மன்னிக்க வேண்டும் அண்ணை, இது சரியான ஆலோசனை இல்லை.

நான் ஒரு நொத்தாரிசிடம் வேலை செய்கிறேன். காணி உறுதி எழுதினால் ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும், ஒன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். ஐம்பது, அறுபது வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகள் வழக்கென்று வந்து நிற்கும்போது அந்த எழுத்துத்தான் பேச வேண்டும். 1930-களில் கையால் எழுதிய உறுதிகளைக் கையில் பிடித்திருக்கிறேன். கடதாசி பிஸ்கட் மாதிரி நொறுங்கும், எழுத்தோ ஒன்று விடாமல் வாசிக்கலாம். இந்த அக்கா எழுதப் போவதும் அப்படி நிலைக்க வேண்டிய ஒன்று. சீதனக் காணி, உறவுமுறை என்கிறார். கழுவினால் போகும் மையில் அதை எழுதி என்ன பயன்?

கார்பன் மை வாங்குங்கள் அக்கா. பிளாட்டினம் கார்பன் பிளாக், இல்லாவிட்டால் செய்லர் கிவாகுரோ. இரண்டும் ஜப்பான் மை, இரண்டும் பவுண்டன் பேனைக்கென்றே செய்தவை. காய்ந்தபின் தண்ணீர் ஊற்றினாலும் ஓடாது, வெயிலில் வெளிறாது. நம் ஏட்டுச் சுவடிகளிலும் எழுத்தாணியால் கீறி அதில் தடவியது கரிதானே?

மைக்கூடு:
ஏட்டில் கரியைக் கையால் தடவித் துடைத்தார்கள் தம்பி. மயிரிழைத் தட்டுகளுக்குள்ளால் ஓட விடவில்லை.

அந்த மைகளைக் குறை சொல்லவில்லை, நல்ல மைகள்தான். ஆனால் அவற்றின் கறுப்பு தண்ணீரில் கரைந்து இருப்பதில்லை, மிக நுண்ணிய கரித்துகள் மிதந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் வற்றினால் துகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஊறவைத்தும் கரையாது. கரையாமல் இருக்கத்தானே அதைச் செய்ததே? இப்போதைய கார்ட்ரிஜ் பேனை என்றால் நிப்பையும், அதற்கு மை கொண்டுபோகும் ஃபீடையும் இழுத்தெடுத்துத் துலக்கலாம். 51-இன் உறை அரக்கு வைத்து ஒட்டியது, சூடு காட்டித்தான் கழற்ற வேண்டும். சூடு கூடினால் உறை உருகிவிடும். ஒருவர் அப்படி அடைத்துக்கொண்டு வந்த 51 ஒன்றில் நானே உறையைக் கெடுத்திருக்கிறேன். அது அவருடைய அப்பாவின் பேனை. இன்று நினைத்தாலும் மனம் கசக்கிறது.

கோடும்வட்டமும்:
கட்டடக்கலை படிக்கிறேன். இரண்டு வருடமாகத் தினமும் கார்பன் மைதான், மேலே வாட்டர்கலர் பூச வேண்டும் என்பதால் வேறு வழியில்லை. ஒரு தரமும் அடைத்ததில்லை. தினமும் எழுதுவேன், மாதத்துக்கு ஒருக்கால் கழுவுவேன், அவ்வளவுதான். ஏசி அறையில் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் மட்டும் நிப் காய்ந்துவிடும். அடைக்கும் அடைக்கும் என்று எல்லோரையும் பயப்படுத்த வேண்டாம்.

மைக்கூடு:
தினமும் எழுதுகிறீர்கள் தங்கச்சி. அவர் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் எழுதப் போகிறார். நடுவில் ஆறு நாள். ஒரு கிழமை அம்மம்மாவுக்குச் சுகமில்லை என்றால் பதின்மூன்று நாள்.

வெல்லம்பிட்டியன்:
நான் பேனை விஷயம் தெரிந்தவன் இல்லை. ஒன்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

2016 மே வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அப்பா வெளிநாட்டிலிருந்து அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் கட்டிலுக்குக் கீழே தகரப் பெட்டிக்குள் இருந்தன. தண்ணீர் வடிய நாலைந்து நாள் ஆனது. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் காயப் போட்டோம். போல்பொயின்ட் பேனையால் எழுதியவை அப்படியே இருந்தன. பென்சில் கணக்குகளும் இருந்தன. மைப்பேனையால் எழுதியவைதான் போய்விட்டன. மடிப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி நீலக் கறை, அதற்குள் ஒரு சொல்லும் இல்லை. அப்பா நல்ல கடிதங்களை மைப்பேனையால்தான் எழுதுவாராம். அம்மா அந்தத் தாள்களை இன்னும் எறியவில்லை.

கொப்பியை நனையாமல் வைத்திருங்கள் என்று சொல்வது சுகம். நாங்களும் தகரப் பெட்டிக்குள்தான் வைத்திருந்தோம்.

புதுக்கடை:
அண்ணை, இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

மைக்கூடு:
வாசிக்கக் கஷ்டமாக இருந்தது. அவர் சொல்வது உண்மை. எழுத்தைப் பற்றி மட்டும் யோசித்தால் புதுக்கடைத் தம்பியின் பக்கம்தான் நியாயம். நான் பேனைக்காகப் பேசுகிறேன். இங்கே அதற்காகப் பேச வேறு ஆள் இல்லை.

கடுக்காய்:
பாடசாலையில் இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். புதுக்கடைத் தம்பிக்கு ஒரு திருத்தம். நீங்கள் பார்த்த 1930-களின் உறுதிகளில் எழுத்து என்ன நிறம்? கறுப்பா, பழுப்பேறிய கறுப்பா?

புதுக்கடை:
பழுப்பேறினதுதான் சேர். சிலதில் ஓரம் தேயிலைச் சாயம் மாதிரி.

கடுக்காய்:
அப்படியானால் அது பெரும்பாலும் கார்பன் இல்லை, இரும்பு மை. கார்பன் பழுப்பேறாது. நீங்கள் கார்பனுக்குக் காட்டிய சாட்சி உண்மையில் இரும்பு மையின் சாட்சி.

நம் ஆட்கள் கடுக்காயை அவித்து, அன்னபேதி என்ற இரும்பு உப்பைப் போட்டு மை காய்ச்சினார்கள். ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் பூச்சி கட்டும் காய். தத்துவம் ஒன்றுதான். காயில் இருக்கும் துவர்ப்புப் பொருளும் அன்னபேதியின் இரும்பும் சேரும். போத்தலுக்குள் இருக்கும்வரை கரைந்து, வெளிறியே இருக்கும். தாளில் பட்டதும் காற்றிலுள்ள ஒட்சிசன் இரும்பை மாற்றிவிடும். அப்போது அது கறுத்து, தண்ணீரில் கரையாததாகி, நாருக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். கார்பன் தாளின் மேலே நிற்கிறது, இது உள்ளே இறங்குகிறது. எழுதும்போதே நிறம் தெரிவதற்காக ஒரு சாயமும் கலப்பார்கள்.

வகுப்பில் இதைச் செய்து காட்டுவேன். தேயிலைச் சாயத்தில் அன்னபேதித் தண்ணீர் இரண்டு சொட்டு. கோப்பைக்குள் இருட்டு விழுந்த மாதிரி கறுக்கும். பின்வாங்கில் இருக்கும் பிள்ளைகள்கூட எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

இப்போதும் விற்கிறார்கள். போத்தலில் ஐயன் கோல் என்று போட்டிருக்கும். பிளாட்டினம் நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த கிளாசிக் வரிசை ஆறு நிறமும் இந்த வகைதான். அதில் ஃபொரஸ்ட் பிளாக் பச்சையாக எழுதி, கறுப்பை நோக்கி இருளும். அடைப்பு அபாயம் கார்பனைவிடக் குறைவு. 51-இன் நிப் பெரும்பாலும் தங்கம், அமிலத்துக்கு அஞ்சத் தேவையில்லை.

மைக்கூடு:
நிப் தங்கம்தான் சேர். ஆனால் இரும்பு மையும் தட்டுகளுக்குள் காய்ந்தால் படியும். திறந்த போத்தல் காற்றுப் பட்டுப் பட்டு அடியில் வண்டல் கட்டும். பழைய கையெழுத்துப் பிரதிகளில் இதே மை தாளைத் தின்று ஓட்டையாக்கியதும் உங்களுக்குத் தெரியும்.

கடுக்காய்:
தெரியும். அது இரும்பும் அமிலமும் அளவு மீறிய பழைய கைப்பாகம். இப்போது செய்பவை மிதமானவை. வண்டல் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். சிறிய போத்தலாக வாங்கி இறுக்கி மூடிவைத்து ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும்.

புதுக்கடை:
சேர், திருத்தியதற்கு நன்றி. ஆனாலும் அக்கா கேட்டது கறுப்பு. இது பச்சையில் தொடங்கிப் பழுப்பில் முடிகிறது. பழுப்பே ஏறாத கறுப்பு ஒன்று இருக்கும்போது நான் கார்பனை விடமாட்டேன்.

பேனைப்பித்தன்:
நூட்லர்ஸ் பிளாக் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? அமெரிக்க மை, தாளின் நாரோடு வினைபுரிந்து பிடித்துக்கொள்ளும், துகளும் இல்லை.

கோடும்வட்டமும்:
நாரோடு சேர்ந்த பங்கு மட்டும்தான் நிற்கும். மேலே மிஞ்சியிருப்பது வியர்வைக் கை பட்டால் இழுபடும். கொழும்பில் வியர்க்காத கை எங்கே?

மைக்கூடு:
யாராவது கடையில் இந்தியன் இங்க் என்று கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள். வரைவதற்கான அந்த மையில் அரக்கு இருக்கும், எந்த மைப்பேனைக்கும் அது எமன். சொல்லாமல் விட்டால் யாராவது செய்துவிடுவார்கள்.

அலையோசை:
எல்லோருக்கும் மிகவும் நன்றி. இரண்டு கிழமை ஆகிவிட்டது. சும்மா இருக்கவில்லை.

தெரிந்தவர்களிடம் மூன்று வகையிலும் கொஞ்சம் கொஞ்சம் சிரிஞ்சில் வாங்கி வந்தேன். தொட்டெழுதும் நிப்பால் அதே சி.ஆர். கொப்பித் தாளில் அம்மம்மாவின் பெயரை மூன்று தரம் எழுதினேன். மூன்று நாள் காயவிட்டு, பல்கனியில் மழை பெய்யும்போது பத்து நிமிடம் வைத்தேன். சாயக் கறுப்பு முதலில் நீலமாகவும் பிறகு பழுப்பாகவும் பிரிந்து ஓடியது, பெயர் போய்விட்டது. இரும்பு மையில் சாயம் வழிந்தது, அடியில் சாம்பல் நிறத்தில் பெயர் நின்றது, மெலிந்தாலும் முழுதாக. கார்பன் அசையவே இல்லை. தாள்தான் கிழிந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். இந்தத் தாளில் சாயக் கறுப்புக்கு ஓரம் வேர் விடுகிறது. 'ழ' எழுதினால் சுழி அடைந்துவிடுகிறது. மற்ற இரண்டிலும் கோடு கோடாக நிற்கிறது.

கோடும்வட்டமும்:
அப்படியென்றால் கார்பனுக்கு ஒரு பிளாட்டினம் பிரெப்பி பேனை வாங்குங்கள் அக்கா. விலை குறைவு, மூடிக்குள் காற்றுப் போகாமல் இன்னொரு அடைப்பு இருக்கிறது, நாள்கணக்கில் காயாது. 51-இல் குயிங்க் ஊற்றிக் கையெழுத்துக்கு வையுங்கள்.

அலையோசை:
கையெழுத்துக்கு வைப்பதென்றால் அது மறுபடியும் லாச்சிக்குள் போவதுதான் தங்கச்சி. அம்மம்மா அந்தப் பேனையைக் கண்டதும் வாங்கி, மூடியைத் திறந்து, மணந்து பார்த்தார். மையின் மணம் இருக்கிறதா என்று பார்த்தாராம். அவர் முன்னால் இருந்து எழுதுவது அந்தப் பேனையால்தான் என்பதில் மாற்றமில்லை.

இப்படி முடிவு செய்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்லச் சொல்ல 51-ஆல் சாதாரணக் கொப்பியில் எழுதுவேன், சாயக் கறுப்பு. திங்கள், செவ்வாய் இரவுகளில் அதைத் திருத்தி நல்ல கொப்பியில் பிரெப்பியால் கார்பன் மையில் பிரதி எடுப்பேன். இரண்டு தரம் எழுதுவது வேலைதான். ஆனால் போன கிழமை பிரதி எடுக்கும்போதுதான் ஒரே ஆளுக்கு இரண்டு உறவுமுறை சொல்லியிருக்கிறார் என்று கண்டுபிடித்தேன். ஒரு பக்கத்தால் மச்சான், மறுபக்கத்தால் சித்தப்பா. கேட்டேன், இரண்டும் சரியாம்.

புதுக்கடை:
அக்கா, முதல் கொப்பியையும் எறியாதீர்கள். அவர் சொன்ன வாக்கிலேயே இருப்பது அதுதான். அதற்காவது இரும்பு மை ஊற்றலாமே? சேர் சொன்ன வாதம் இன்னும் நிற்கிறது.

கடுக்காய்:
நானும் அதைத்தான் எழுத வந்தேன்.

மைக்கூடு:
ஊற்றுவதென்றால் ஒவ்வொரு ஞாயிறும் எழுதி முடித்த உடனேயே மிச்ச மையை வெளியேற்றிக் கழுவ வேண்டும். வெளியேற்றியதைத் திரும்பப் போத்தலுக்குள் விடவே வேண்டாம், இந்த ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம். பெற்றோல் ஷெட்டில் பற்றரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு போத்தல் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். கூட்டை இருபது தரம் அமத்துங்கள். தண்ணீர் தெளிந்து வந்தால் சரி. ஒரு ஞாயிறு தவறினாலும் குயிங்க்குக்குத் திரும்பிவிடுங்கள். என் அபிப்பிராயம் மாறவில்லை.

அலையோசை:
பற்றரித் தண்ணீர் நாளைக்கே வாங்குகிறேன் அண்ணை. மழைக் காலம் முடியும்வரை குயிங்க். அதற்குள் ஒரு ஞாயிறும் தவறாமல் கழுவ முடிகிறதா என்று பார்க்கிறேன். முடிந்தால் சேர் சொன்ன மையைச் சின்னப் போத்தலில் எடுப்பேன்.

வெல்லம்பிட்டியன்:
பிரதி எடுத்த கொப்பியை மேல் தட்டில் வையுங்கள்.