நார்மல் ரேஞ்சுக்குத் தமிழ்: இயல்பளவா, ஒப்பெல்லையா?

செந்தூலிலிருந்து:

குழுமத்தாருக்கு வணக்கம்.

போன வாரம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பெரியவரை அவர் மகன் எங்கள் ஸ்கேன் பிரிவுக்கு அழைத்து வந்தார். பினாங்கில் முன்பு எடுத்த இதய எம்ஆர்ஐ அறிக்கை கையில் இருந்தது. அதில் இதயத்தசையின் டி1 என்ற அளவு 985 மில்லிநொடி. எங்கள் இயந்திரத்தில் 1190. "என்னண்ணே, 200 கூடிருச்சே, அப்பாவுக்கு மோசமாயிருச்சா?" என்று மகன் பதறிவிட்டார். அப்பாவுக்கு ஒன்றுமில்லை. அங்கே இருப்பது 1.5 டெஸ்லா காந்தம், இங்கே 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அலகு). இரண்டு எண்ணும் அந்தந்த இயந்திரத்துக்குச் சரிதான். எல்லாம் சொன்ன பிறகும் வாசலில் நின்று திரும்பிக் கேட்டார்: "அப்ப நார்மல் எதுண்ணே?"

அந்தக் கேள்விதான் இந்த மடலுக்குக் காரணம். நோயில்லாதவர்களை ஸ்கேன் செய்து எங்கள் இயந்திரத்துக்கென்று அளவுகளைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம். தன்னார்வலர்களுக்கான தமிழ்ப் படிவம் என் தலையில் விழுந்தது. முதல் வரைவில் "இயல்பளவு" என்று எழுதிவிட்டேன். இப்போது உறுத்துகிறது.

டி1 என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: உடலில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தத்துக்குள் அதன் திசையில் வரிசைகட்டும். வானொலி அலையால் தட்டினால் சாயும், பிறகு மெல்ல எழும். இழந்ததில் 63 விழுக்காட்டை மீட்க எடுக்கும் நேரம் டி1. தசையில் தழும்பு விழுந்தாலோ, வீங்கினாலோ, அமிலாய்டு என்ற புரதம் படிந்தாலோ அது நீளும். இரும்போ கொழுப்போ சேர்ந்தால் குறுகும். ஊசி போடாமல், தசையை வெட்டியெடுக்காமல் இவ்வளவும் தெரிகிறது.

சிக்கல் என்னவென்றால், நோயே இல்லாவிட்டாலும் அந்த எண் நகரும். காந்தம் வலுத்தால் நீளும். 1.5 டெஸ்லாவில் ஆயிரத்துக்குச் சற்றுக் கீழே நிற்பது 3 டெஸ்லாவில் 1150, 1200 என்று போய்விடும். மோலி என்கிற படமெடுக்கும் முறை ஒரு விடை தரும், சாஷா என்கிற முறை அதைவிடக் கூடுதலாகத் தரும். பெண்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் அதிகம். அதனால்தான் 2017ல் வந்த சர்வதேச இணக்க அறிக்கை, டி1, அதைப் போன்ற இன்னோர் அளவான டி2 இரண்டுக்கும் அந்தந்த மையமே தன் அளவுகளைத் திரட்டிக்கொள்ள வேண்டும் என்கிறது.

ஆகவே "இயல்பு" என்று எழுதினால் அது மனிதனுடைய இயல்பாகிவிடுகிறது. உண்மையில் பாதி இயந்திரத்தின் இயல்பு! இன்னொன்று, இந்த எல்லையைப் பொதுவாகச் சராசரிக்கு இருபுறமும் இரண்டு திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) என்று வைப்பார்கள். பேச்சுக்குச் சராசரி 980, திட்டவிலக்கம் 25 என்றால் 930 முதல் 1030 வரை. இந்தக் கணக்குப்படியே நல்ல உடம்புக்காரர்கள் 20 பேரில் ஒருவர் வெளியே விழுவார். நோயில்லாமல் வந்து படுத்தவரை "இயல்பளவுக்கு வெளியே இருக்கிறீர்கள்" என்று சொல்லி அனுப்புவதா?

நல்ல சொல் சொல்லுங்கள். ரெஃபரன்ஸ் என்பதற்கு "மேற்கோள் மதிப்பு" வேண்டாம், மேற்கோள் கட்டுரைக்குப் போடுவது.

—————

ஜார்ஜ்டவுனிலிருந்து:

தம்பி, நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர், காந்தமெல்லாம் தெரியாது. ஆனால் உங்கள் சிக்கல் புதியதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நெல்லைச் சும்மா "இத்தனை கலம்" என்று எழுதி விடவில்லை. எந்த மரக்காலால் அளந்தது என்றும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். ஆடவல்லான் என்னும் மரக்கால், அது இராசகேசரி மரக்காலோடு ஒக்கும் என்று. ஊருக்கு ஊர் மரக்கால் வேறு, அது யாருக்கும் வெட்கமில்லை. எதனோடு ஒக்கும் என்று சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

அந்த "ஒக்கும்" என்பதிலேயே உங்கள் சொல் இருக்கிறது. ஒப்பு. "ஒப்புவீச்சு" என்று வையுங்கள். கணக்குப் பாடத்தில் ரேஞ்சுக்கு வீச்சு என்றுதான் சொல்லித் தருகிறார்கள்.

கட்டளைக்கல்லிலிருந்து "கட்டளையளவு" என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். கட்டளை இன்று உத்தரவாகிவிட்டது. நோயாளிக்கு இன்னும் உத்தரவு வேறா?

—————

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

ஆசிரியர் ஐயாவின் மரக்காலுக்கு ஒரு கும்பிடு. "ஒப்பு" சரி, "வீச்சு" சரியில்லை. இரண்டு காரணம். இயற்பியலில் அலையின் உயரத்தையும் வீச்சு என்கிறோம். எம்ஆர்ஐயில் சமிக்ஞையின் வீச்சு என்று நாளைக்கு ஒருவர் எழுதத்தான் போகிறார். அடுத்து, கணக்குப் பாடத்து வீச்சு ஒரே எண், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வருவது. 930 முதல் 1030 வரை என்பதில் வீச்சு வெறும் 100. அந்த 100ஐ வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வார்?

நமக்கு வேண்டியது இரண்டு முனை. எல்லை என்போம். கீழெல்லை, மேலெல்லை, இரண்டும் சேர்ந்து "ஒப்பெல்லை".

இன்னொன்றும் கவனித்தேன். மலாயில் இதை "ஜூலாட் ருஜூக்கான்", அதாவது ரெஃபரன்ஸ் ரேஞ்ச் என்கிறார்கள். அதில் "நோர்மல்" கிடையாது. நாம்தான் நார்மலைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

—————

செந்தூலிலிருந்து:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. "ஒப்பெல்லை"யை எடுத்துக்கொள்கிறேன். இன்று இரவுப் பணியில் சக ஊழியர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஒப்புக்கு ஒரு எல்லையா?" என்று சிரித்தார். ஒப்புக்குச் சப்பாணி ஞாபகம் வந்திருக்கும். அந்த ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சேர்த்து எழுதினால் ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

இரண்டு இடத்தில் மட்டும் நிறுத்திப் பார்த்தேன். ஒன்று, தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய். அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் இதயத்தில் இரும்பு படியும். அதை டி2 ஸ்டார் என்ற அளவு காட்டும். 1.5 டெஸ்லாவில் 20 மில்லிநொடிக்குக் கீழே போனால் இரும்பு சேர்ந்திருக்கிறது, 10க்குக் கீழே போனால் இதயம் செயலிழக்கும் ஆபத்து அதிகம். இங்கே தலசீமியா பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அந்த 20 மனப்பாடம். அது ஊருக்கு ஊர் மாறுகிற எண் இல்லை. ஆரோக்கியமானவர்களை வரிசையில் நிறுத்தி எடுத்த எல்லை மட்டுமல்ல, நோய் எங்கே கடிக்கிறது என்று பார்த்துப் போட்ட கோடும்கூட. இதற்கும் "ஒப்பெல்லை" என்று போட்டால் குழப்பம்தான். "அபாயக் கோடு" என்று தனியாக எழுதுகிறேன். ஆற்றோரம் பாலத்தில் வெள்ள மட்டம் குறிப்பார்களே, அதுபோல.

இரண்டாவது, இதயத்தசையில் செல்லுக்கு வெளியே உள்ள இடத்தின் பங்கு. ஸ்கேனுக்கான சாய மருந்து ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் டி1 எடுத்து, ரத்தத்தில் சிவப்பணுக்களின் விழுக்காட்டையும் சேர்த்துக் கணக்கிடுவது. நல்ல தசையில் சுமார் 25 விழுக்காடு வரும். இது விகிதம் என்பதால் காந்தத்துக்குக் காந்தம் அவ்வளவாக ஆடாது. பட்டர்வொர்த் அண்ணனிடம் முதலிலேயே இந்த எண்ணைக் காட்டியிருந்தால் அவர் பயந்திருக்கமாட்டார். இதற்கும் ஒப்பெல்லை உண்டு. இதற்குத் தமிழ்ப்பெயர் தனி இழையில் கேட்கிறேன், இங்கே தொடங்கினால் விடிந்துவிடும்.

படிவத்தில் இப்படி வைத்திருக்கிறேன்:

"உங்களைப் போன்ற நோயில்லாதவர்களின் அளவுகளைச் சேர்த்து, இந்த இயந்திரத்துக்கான ஒப்பெல்லையைக் கணிப்போம். உங்கள் எண் இந்த எல்லைக்குச் சற்று வெளியே இருந்தால் அதுமட்டுமே நோய் என்று பொருளாகாது. வேறோர் இயந்திரத்தில் எடுத்த எண்ணோடு இதை நேராக ஒப்பிடக்கூடாது."

அறிக்கைகளில் மரக்காலின் பெயரும் வரும்: "ஒப்பெல்லை, 3 டெஸ்லா, மோலி" என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே.

ஐயா, "ஒப்பிடக்கூடாது" சேர்த்தா, பிரித்தா? வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது.