வரப்போரத்து மரமும் உள்வரிசை மரமும்

குடியாத்தத்துக்கு அருகே எங்களுக்கு உள்ள இரண்டு ஏக்கர் மேட்டு நிலத்தில், 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் ஏறத்தாழ 1,350 தைலமரக் கன்றுகளை நட்டிருந்தோம். ஆறாம் ஆண்டில், வியாபாரி விலை பேச வருவதற்கு முன் எத்தனை டன் தேறும் என்று அறிய நானே டேப்புடன் இறங்கினேன். உள்ளே முள் மண்டிக் கிடந்ததால், வரப்போரமாக நின்ற நாற்பது மரங்களை மட்டும் நெஞ்சுயரத்தில் அளந்தேன். சராசரிச் சுற்றளவு 45 செ.மீ. வந்தது, உயரம் 14 மீட்டர், மேலே போகப் போக மரம் சிறுத்துவிடுவதற்கான வடிவக் காரணி 0.45 என்று வைத்துக் கணக்கிட்டதில், மரத்துக்கு 0.1 கன மீட்டர் வீதம் மொத்தம் 135 கன மீட்டர் ஆயிற்று. பச்சை மரம் கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் என்று கொண்டு, மகளின் கல்லூரிக் கட்டணத்தை மனத்துக்குள் கட்டியும் விட்டேன்.

ஊட்டிப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மைத்துனர் தாளைப் பார்த்துவிட்டு, "மச்சான், ஓரத்து மரம் வெயிலையும் இடத்தையும் தாராளமாக அனுபவித்தது, அதை வைத்துத் தோப்பை எடை போடாதீர்கள்" என்றார். மலையில் அவர்கள் கற்பூர மரம் என்று சொல்லும் குளோபுலஸ் என்ற தைலமர வகையிலும் அவர் இதே பாடத்தை வேறு விதமாகப் படித்திருந்தார். குளிர்காற்று கனமானது என்பதால் இரவில் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அங்கே உறைபனியில் இளங்கன்றின் நுனி கருகி மரம் கவட்டையாகப் பிரிந்துவிடும். ஒரே நாளில் நட்ட கன்றுகளானாலும் பள்ளத்து மரமும் சரிவு மரமும் ஒரே விளைச்சல் தருவதில்லை. ஆகவே வயதை மட்டும் கொண்டு கணிக்காமல், அந்த வயதில் ஓங்கி நிற்கும் மரங்களின் உயரத்தைக் கொண்டு நிலத்தின் வலுவை மதிப்பிட வேண்டும் என்றார். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் குளோபுலஸ் தாங்காத குளிர் மேடுகளில், குளிரைத் தாங்கும் நைட்டென்ஸ் என்ற இன்னொரு தைலமர வகையை நடுவதும் இதனால்தான். எங்கள் வேலூர் வெயிலில் உறைபனிக்கு வேலையில்லை. இங்கே பாறையும் வறட்சியுமே அந்த வேலையைச் செய்கின்றன.

மறுநாள் இருவருமாக உள்ளே நுழைந்து, பத்து வரிசைக்கு ஒரு வரிசை வீதம் அளந்தோம். சுற்றளவு 36 செ.மீ. மட்டுமே இருந்தது. ஒன்பது சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் சுற்றளவின் வர்க்கம் கணக்கில் வருவதால் மரத்துக்கு 0.065 கன மீட்டராகச் சரிந்தது. பட்டுப்போனவை சுமார் 250. எடைமேடையில் கடைசியாக 68 டன் நின்றது.

இப்போது வெட்டிய கட்டைகளிலிருந்து துளிர்த்த மறுதாம்பு வளர்கிறது. பழைய வேர் இருப்பதால் தொடக்கத்தில் இதன் வேகம் வேறு. முதல் வெட்டின் கணக்கு இதற்குச் செல்லாது. எனவே உள்வரிசைகளில் முப்பது மரங்களுக்கு வண்ணம் பூசி, தை மாதந்தோறும் அவற்றையே அளந்து நோட்டில் எழுதி வருகிறேன்.